திருவாதிரை மங்குது

டிசம்பர் 26, 2019
காலைல வளையக் கிரகணம், தெருவே மொட்டை மாடில நின்னுச்சு. அம்மா மட்டும் அடுப்பு பத்த வைக்கல, அப்பா மாத்திரைக்கு ஃபிளாஸ்க் வெந்நீர்தான்.
ராத்திரி போன்ல படிச்சேன். அமெரிக்கால வில்லனோவா யுனிவர்சிட்டிக்காரங்க, எட்வர்ட் கைனன்னு ஒருத்தர், ஓரியன்ங்கிற நட்சத்திரக் கூட்டத்தோட தோள்ல இருக்குற பீட்டல்ஜூஸ் மங்கிக்கிட்டே போகுதுன்னு சொல்லியிருக்காங்க. நம்ம திருவாதிரை. அப்பா நட்சத்திரம். அம்மாகிட்ட சொல்லல.

டிசம்பர் 30
நிஜம்தான். ரோகிணியை விட இதுதான் பளிச்சுனு இருக்கணும். இன்னிக்கு ரோகிணி ஜெயிச்சிடுச்சு.

ஜனவரி 3, 2020
ரிப்போர்ட் வரல.

ஜனவரி 6
தூக்கம் வரல, அப்பா இருமுறது கேட்டுக்கிட்டே இருக்கு. ஐதரேய பிராமணம்னு ஒரு வேத நூல், அதுல இருக்குற கதைய படிச்சிட்டிருந்தேன். பிரஜாபதி பெத்த பொண்ணையே மானா மாறித் துரத்துறாரு, தேவர்கள் எல்லாரும் தங்களோட கோர ரூபத்தை ஒண்ணு சேர்த்து ஒருத்தரை உண்டாக்கி அம்பு விட வைக்கிறாங்க, அவர்தான் ருத்ரன். மான் மிருகசீரிடம், பொண்ணு ரோகிணி, நடுவுல வரிசையா நிக்கிற மூணு நட்சத்திரம் அந்த அம்பு. கிரேக்கக்காரங்களுக்கு அதே மூணும் வேட்டைக்காரனோட பெல்ட்டு, அவங்க கதைல அவனையே ஒரு தேள் கொட்டிக் கொன்னுடுது, அதான் விருச்சிகம் உதிக்கும்போது ஓரியன் மறைஞ்சிடுறான். எங்க போனாலும் அங்க வேட்டைதான், யாராவது சாகத்தான் செய்யறாங்க. எனக்கு நம்ம கதைதான் பிடிக்குது, கோபத்துக்கு ஒரு காரணமாவது இருக்கு.

ஜனவரி 10
ஆருத்ரா தரிசனம். அம்மா களியும் ஏழுகறிக் கூட்டும் பண்ணாங்க. சேந்தனார் வீட்டுக் களிய நடராஜரே வந்து சாப்பிட்டார்ல, நீங்க ஒரு வாய் சாப்பிட்டா என்னன்னு அப்பாகிட்ட சண்டை. சுகருக்கு பயந்து ஒரு ஸ்பூன் எடுத்தார், முந்திரிய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மீதிய எனக்குத் தள்ளினார்.
ராத்திரி பௌர்ணமி நிலா பக்கத்துலயே நிக்குது. திருவாதிரையோட திருநாள்லயே அதைப் பார்க்க முடியல.

ஜனவரி 14
எவனோ வாட்ஸப்ல அனுப்பிட்டான், திருவாதிரை வெடிக்கப் போகுதுன்னு. அம்மா முகமே இல்ல. வெடிச்சாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது, ஐந்நூறு ஒளியாண்டுக்கு மேல தூரம், இன்னும் ஒரு லட்சம் வருஷம் கூட ஆகலாம்னேன். ஜாதகத்துல நட்சத்திரம்னா நிலா நிக்கிற 13 டிகிரி 20 நிமிஷக் கட்டம்மா, அந்த ஒத்தப் புள்ளி இல்லன்னும் சொன்னேன். "அப்ப நீ ஏன் டெய்லி ராத்திரி போய் அதையே பாக்குற?"

ஜனவரி 24
சனிப்பெயர்ச்சி. அப்பா ராசி மிதுனத்துக்கு அஷ்டமச் சனி. திருநள்ளாறுல வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர்லதான் பெயர்ச்சி, அதுவரைக்கும் பயம் இல்லன்னு அம்மா தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கிட்டாங்க. நானும் வாக்கியக் கட்சிக்கு மாறிட்டேன்.

பிப்ரவரி 2
ஸ்கேன். திரும்பவும் எடுக்கணுமாம். ஏன்னு கேட்டா டாக்டர்கிட்ட கேளுங்கங்குறாங்க, டாக்டர் புதன்கிழமைதான் வருவாராம்.

பிப்ரவரி 9
இன்னொரு தோள் இருக்கே, பெல்லாட்ரிக்ஸ், இப்ப ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். திருவாதிரையோட பிரகாச எண் வழக்கமா 0.5 பக்கம் இருக்குறது 1.6 வரைக்கும் வந்துடுச்சு. நம்பர் ஏறினா மங்கல்னு அர்த்தம், அப்பாவோட கிட்னி டெஸ்ட்ல வர்ற கிரியாட்டினினும் அப்படித்தான், ஏறவே கூடாது.

பிப்ரவரி 15
சிலி நாட்டுல இருக்குற பெரிய டெலஸ்கோப்ல எடுத்த திருவாதிரை படம் வந்திருக்கு. கீழ்ப்பாதி மட்டும் இருட்டு, ரவுண்டே கோணலாயிடுச்சு. தூசி மறைக்குதா, மேல்பரப்பு குளிர்ந்துடுச்சான்னு ரெண்டு கட்சி. தூசியா இருக்கணும். தூசின்னா விலகிடும்.
அப்பாவுக்குக் காட்டினேன். "நாமக்கட்டி மாதிரி இருக்கு"ன்னுட்டு நியூஸ் சேனல் மாத்தச் சொன்னார்.

பிப்ரவரி 24
வெளிச்சம் ஏறுதாம்! கைனன் டீமே சொல்லியிருக்காங்க, மங்குறது நின்னு திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்குன்னு. என் கண்ணுக்கு இன்னும் வித்தியாசம் தெரியல. அம்மாகிட்ட மொதல்ல சொன்னேன், கேட்டுட்டு நேரா பூஜை ரூமுக்குப் போயிட்டாங்க.
புதன் பதினோரு மணிக்கு டாக்டர். பழைய ஃபைல், இன்சூரன்ஸ் கார்டு ரெண்டும் எடுத்து வைக்கணும், கார்டு பீரோல