புத்தகத்தை மூடிப் படித்த எட்டரை மாதம்

2021 நவம்பரில் நீட் முடிவு வந்தபோது என் மதிப்பெண் 720க்கு 214. பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்று 10ஆம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அந்த எண் அரசு ஒதுக்கீட்டில் இடம் வாங்கித்தரும் அளவுக்கு இல்லை. நான் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் தகுதியில்லை.

அந்த வருடம் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தாகியிருந்தது. 10ஆம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டு மார்க் கொடுத்தார்கள். தேர்வே எழுதாமல் கைக்கு நல்ல மார்க் வந்ததும், நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று முழுதாக நம்பிவிட்டேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், அதில் பொய்யில்லை. ஆனால் உட்கார்ந்து என்ன செய்தேன் என்பதை எங்கள் விலங்கியல் டீச்சர்தான் ஐந்து நிமிடத்தில் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

முடிவு வந்த வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நீட்டுக்கு நான் படித்த என்சிஇஆர்டி (மத்திய பாடத்திட்டப்) புத்தகத்தைப் புரட்டினார். செரிமானப் பாடம் முழுக்க மஞ்சள். கோடு போடாத வரியே இல்லை. "மூடு"ன்னார். "மனுஷனோட பல் சூத்திரம் சொல்லு."

எனக்கு வரவில்லை. அந்தப் பக்கம் கண்ணுக்குள் நிற்கிறது, படம் வலது மூலையில் இருப்பதுகூடத் தெரிகிறது, எண் மட்டும் வரவில்லை. "பல் டாக்டர் ஆகணும்ங்கிற பிள்ளை நீ. இதை எத்தனை தடவை படிச்சிருப்ப?" என்றார். ஆறேழு தடவை படித்திருப்பேன். "படிக்கலம்மா, பாத்திருக்க." திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அரைத்தாடைக்கு வெட்டும்பல் 2, கோரைப்பல் 1, முன்கடைவாய் 2, பின்கடைவாய் 3, ஆக எட்டு; நாலு பக்கத்துக்கும் முப்பத்திரண்டு என்று என்னையே எழுதவைத்து, மறுநாள் காலையில் புத்தகத்தைத் தொடாமல் மறுபடி எழுதிப் பார்க்கச் சொன்னார்.

அதிலிருந்து என் படிப்பின் முறையே மாறியது. இரண்டு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதுவேன். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்ப்பேன். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று அதே தலைப்பை மறுபடி வெறுங்கையோடு எழுதுவேன். முதல் பதினைந்து நாள் அழுகையே வந்தது. ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கம் ஓடிய பிள்ளை மூன்று பக்கத்தில் நின்றால் பயமாக இருக்காதா? தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியதால் இன்னும் மெதுவானது. ஆனால் ஜனவரியில், நவம்பரில் எழுதிய தலைப்புகள் கேட்டதும் கைக்கு வந்தன. அது எனக்கு அதுவரை நடக்காத விஷயம்.

அடுத்து, தவறு நோட்டு. விடைகளை வட்டம் நிரப்பிக் குறிக்கும் ஓஎம்ஆர் தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினேன். 176 கேள்விகளுக்குக் குறித்திருந்தேன். சரி 78, தவறு 98. சரிக்கு நாலு மார்க், தவறுக்கு ஒரு மார்க் கழியும்; 312லிருந்து 98 போக 214. அந்த 98ஐயும் 192 பக்க நோட்டில் ஒவ்வொன்றாக எழுதி, எதனால் போனது என்று பக்கத்தில் குறித்தேன். கணக்குப் பிசகு, கேள்வியைச் சரியாகப் படிக்காதது 24. தெரியும் என்று நினைத்துத் தவறாகக் குறித்தது 33. துணிச்சலில் குறித்தது 41.

கண்ணை மூடிக் குறித்தாலும் நாலில் ஒன்று விழும், நாலு மார்க் வந்து மூன்று போனாலும் ஒன்று மிச்சம் என்று சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் யாரும் கண்ணை மூடிக் குறிப்பதில்லை. அரைகுறை ஞாபகத்தோடு போகிறவருக்காகவே ஒரு விடை அங்கே காத்திருக்கும். நான் அதையே தேடிப் போய்க் குறித்திருந்தேன். அதனால் இரண்டு விடைகளையாவது காரணத்தோடு அடிக்க முடிந்தால்தான் குறிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த 33இல் ஒரு வகை இப்படி: ஒரு கம்பியை இழுத்து நீளத்தை இரு மடங்காக்கினால் மின்தடை என்ன ஆகும்? இரு மடங்கு என்று போட்டுவிடுவேன். சூத்திரம் தலைகீழாகத் தெரியும், நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும்தானே. இழுக்கும்போது கம்பி மெலியும், பருமன் (மொத்தக் கன அளவு) மாறாததால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும், ஆக நான்கு மடங்கு. "பருமன் மாறாது என்பதை மறந்தேன்" என்று நோட்டில் எழுதிய அந்த ஒரு வரி, அதற்குப் பிறகு வந்த ஏழெட்டுக் கணக்குகளில் என்னைக் காப்பாற்றியது. இயற்பியலுக்குக் காலை ஐந்திலிருந்து ஏழு வரை ஒதுக்கினேன். போனை அம்மா அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தார்கள், இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வரும். மொத்தப் படிப்பு எட்டு மணி நேரமாகக் குறைந்தது. பக்கத்து வீட்டில், பிள்ளை இந்த வருடம் படிக்கவே இல்லையே என்றுகூடப் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. உண்மைத் தேர்வு மதியம் இரண்டு மணிக்கு என்பதால் நானும் இரண்டு மணிக்கே உட்காருவேன். மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மூன்று மணிக்குக் கண் சொருகும். அதற்காகச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு மாற்றி, பாதியாகக் குறைத்தோம். ஜெராக்ஸ் கடையில் ஓஎம்ஆர் தாள் எடுத்து, கருப்புப் பேனாவால் வட்டம் நிரப்பியே பழகினேன். டிசம்பரில் 246. பிப்ரவரியில் 301. மார்ச்சில் 270க்கு விழுந்தேன், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தால் பழைய தவறுகளைத் திரும்பிப் பார்க்காமல் புதிது புதிதாக எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். அதைச் சரிசெய்தபின் மே மாதம் 390 தாண்டியது.

2022 ஜூலை 17. அந்த வருடம் மூன்று மணி இருபது நிமிடம் கொடுத்தார்கள். 148 கேள்விகளுக்கு மட்டும் குறித்தேன். முந்தைய வருடத்தைவிட 28 குறைவு. மீதி வட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு வரும்போது கை நடுங்கியது. செப்டம்பரில் வந்தது 437: சரி 117, தவறு 31.

கலந்தாய்வில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. முதலாண்டில் மெழுகுக் கட்டியில் பற்களைச் செதுக்கவேண்டும். மேல் கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களை இப்போதும் புத்தகத்தை மூடிவிட்டு முதலில் தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் கத்தியை எடுப்பேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாயியை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். வெற்றிலையோடு புகையிலை போட்டு, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் திட்டு விழுந்து, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனவர் அவர். பல் மருத்துவம் என்று நான் சொல்ல ஆரம்பித்ததே அங்கிருந்துதான். திட்டு இப்போது இல்லை, புகையிலையை விட்டுவிட்டார். பாக்கை விடவில்லை. அதுவும் கெடுதல்தான் என்று சொன்னால், "நீ முதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் விடுறேன்" என்கிறார்.