வான்கோழி மேசையில் திருநெல்வேலிச் சொதி

“பாவம், உங்களுக்குச் சாப்பிட இங்கே ஒன்றுமே இல்லையே” என்று மேசையின் எதிர்ப்புறத்திலிருந்து ஒரு பெண்மணி உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் என் கண்ணெதிரே மசித்த உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மஞ்சள் பூசணி, மக்காச்சோளம், குட்டி முட்டைக்கோஸ்களைப் போன்ற பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், செக்கச்செவேலென்ற கிரான்பெர்ரிக் கூழ் எல்லாம் பாத்திரம் பாத்திரமாக நிரம்பியிருந்தன. இத்தனை காய்கறிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து உண்ண ஒன்றுமில்லை என்று சொல்ல முடியும் என்பதே என்னைத் தைத்தது. பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நான் குடியேறிய புதிதில், நன்றி நவிலும் நாளாகிய தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்களை அழைத்திருந்த வீட்டில் நடந்தது இது.

இன்னும் ஆழமாகத் தைத்தது, அவர் சொன்னது ஏறக்குறைய உண்மையாகவே இருந்ததுதான். ஸ்டஃபிங் எனப்படும் ரொட்டித்துண்டுக் கலவை வான்கோழியின் வயிற்றுக்குள்ளேயே வெந்திருந்தது. தனித்தட்டில் வேகவைத்த பங்கிலும் தண்ணீருக்குப் பதிலாகக் கோழிச்சாறு ஊற்றப்பட்டிருந்தது. ஸ்ப்ரவுட்ஸ் பன்றிக்கொழுப்பில் வதங்கியிருந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் பொன்னிறமாக உருகிப் படர்ந்திருந்த மார்ஷ்மெல்லோவில், விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின் இருந்தது. வீட்டுக்காரர்கள் என் பொருட்டு ஒவ்வொரு டப்பாவையும் குப்பையிலிருந்து எடுத்து, அதன் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்துச் சொன்னார்கள். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று நான் உண்டது உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் கிரான்பெர்ரியும் மட்டுமே. எல்லாருடைய உருளைக்கிழங்கின் மேலும் வான்கோழிச் சாற்றில் செய்த பழுப்பு நிறக் கிரேவி குளமாக நின்றபோது, என் தட்டில் மட்டும் அது வெள்ளையாகவே இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு விசேஷம் நன்றாக நடந்ததா என்பதை அவியலைக் கொண்டுதான் தீர்மானிப்பார்கள். பந்தியிலிருந்து எழுந்து வருகிறவர் கை துடைத்துக்கொண்டே முதலில் சொல்லும் சொல் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். அந்த நாவோடு வந்தவளுக்கு, பண்டிகையின் பெருமை முழுவதும் ஒரு பறவைக்குப் போய்விட, காய்கறிகளெல்லாம் அதன் ஓரத்தில் கைகட்டி நிற்கும் காட்சி ஒரு குறையாகவே பட்டது. இன்றைக்கும் அந்தக் குறை எனக்கு முழுதாகத் தீரவில்லை.

இருந்தாலும், இந்த நாட்டில் நான் ஊன்றிவிட்டேன் என்று சொல்வதில் தயக்கமில்லை. ஓவனின் ஃபாரன்ஹீட் கணக்கு கைக்கு வந்துவிட்டது. நவம்பர் கடைசியில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவது இப்போது மனத்தைக் கலக்குவதில்லை. நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை இப்போது எனக்கும் ஒரு பண்டிகை. ஆனால் அதே வாரத்தில் அங்கே கார்த்திகை மாதம் நடந்துகொண்டிருக்கும். ஓயாத மழையில் வெங்காயமும் கத்தரிக்காயும் விலை ஏறியிருக்கும். தீபத்துக்கு முன்னால் பனங்குருத்து ஓலை விற்க வருவார்கள். ஓலைக்குள் மாவை வைத்துக் கட்டி அவித்த கொழுக்கட்டையைப் பிரிக்கும்போது வரும் மணம் வீடு முழுக்க நிற்கும். இங்கே இலையுதிர்ந்த மரங்களைப் பார்த்தபடி பீன்ஸ் நறுக்கும்போது மனம் அங்கேதான் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த மேசையின் காய்கறிகள் ஏன் இப்படிச் சமைக்கப்படுகின்றன என்று பிறகு நான் கூர்ந்து பார்த்தபோது, காரணம் பெரும்பாலும் ஓவன்தான் என்று தெரிந்தது. பன்னிரண்டு முதல் பதினான்கு பவுண்டு எடையுள்ள, உள்ளே ஸ்டஃபிங் நிரப்பிய வான்கோழி 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வேக மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வேண்டும். அதுவரைக்கும் வீட்டின் ஒரே ஓவன் அதற்கே சொந்தம். வெந்த பறவையை வெளியே எடுத்து அறுப்பதற்குமுன் அரைமணி நேரம் போல ஆறவைக்கிறார்களே, அந்த இடைவெளியில்தான் மற்ற எல்லாம் உள்ளே போய்ச் சூடாகி வர வேண்டும். ஆகவே முந்தின நாளே செய்து, தட்டில் பரப்பி, மூடி, குளிர்பெட்டியில் வைக்கக்கூடிய பண்டங்களே பண்டிகைக்கு ஏற்றவையாக நிலைத்துவிட்டன. இப்படித் தட்டில் பரப்பி ஓவனில் வேகவைக்கும் கேசரோல் என்னும் முறை இத்தனை வீடுகளில் வேரூன்றியதற்கு ருசியோடு இந்த நெருக்கடியும் ஒரு பெரிய காரணம்.

பீன்ஸ் கேசரோலின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூஜெர்சியின் கேம்டன் நகரில், கேம்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பணியாற்றிய டார்கஸ் ரெய்லி 1955இல் அதை உருவாக்கினார். எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடிய பீன்ஸையும் காளான் சூப் டப்பாவையும் கொண்டு எளிதாக ஒரு பண்டம் செய்ய வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. பால், கொஞ்சம் சோயா சாஸ், மிளகு, மேலே பொரித்த வெங்காயம், அவ்வளவுதான். 2018இல் அவர் மறைந்தபோது நாடே அவரை நினைவுகூர்ந்தது. ஒரு தொடுகறியைச் செய்த பெண்ணை ஒரு நாடு பெயர் சொல்லி நினைக்கிறது என்பது எனக்கு மனநிறைவைத் தருகிறது. எங்கள் பக்கத்துச் சொதியை முதன்முதலில் வைத்த கையின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஆயினும் பீன்ஸைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அதைப் பொடியாக நறுக்கி, கையளவு தண்ணீர் தெளித்து, மூடாமல் வேகவிட்டு, பச்சை நிறம் போவதற்குள் தேங்காய்த் துருவலைப் போட்டு இறக்க வேண்டும். பல்லில் சற்றே தட்டுப்படாத பீன்ஸ் எனக்குப் பீன்ஸ் ஆகாது.

சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ வந்ததும் இந்த பாஸ்டன் பக்கத்துக் கைவண்ணத்தால்தான். இங்கே சமையல் பத்திரிகை ஒன்றை நிறுவி நடத்திய ஜேனட் மெக்கென்சி ஹில் என்பவரைக் கொண்டு, ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் 1917இல் சமையல் குறிப்புகள் அடங்கிய சிறுநூல் ஒன்றை வெளியிட்டது. இந்த இணைப்பு பரவியது அதிலிருந்துதான் என்கிறார்கள். காய்கறியில் இனிப்புச் சேர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் பூசணியில் ஒரு துண்டு வெல்லம் போடாமல் என் அம்மா இறக்கியதில்லை. ஆனால் வள்ளிக்கிழங்கு தானாகவே இனிப்பது. அதற்கு வேண்டியது உப்பும், கிள்ளிப் போட்ட வற்றல் மிளகாயும், தாளித்த கடுகும்தான். பள்ளிக்கூட வாசலில் சாக்கு விரித்து அவித்த கிழங்கைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, தோலை உரித்தால் ஆவி பறக்கும் அந்தக் கிழங்குக்கு யாரும் எதையும் மேலே சேர்த்ததில்லை.

என்னை இந்த மண்ணோடு உண்மையில் நெருங்கவைத்தது பட்டர்நட் பூசணி. 1940களில், எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஸ்டோ என்ற ஊரில் சார்லஸ் லெகெட் என்பவர் இந்த வகையை உருவாக்கினார். வால்தமில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தின் பெயர் அதன் புகழ்பெற்ற விதையோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் மெல்லியது, நார் இல்லை, விதைப்பகுதி ஒரு முனையில் மட்டும் சிறிதாக இருக்கும், கழுத்து முழுவதும் சதை. குளிர்ச்சியான அறையில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. காராமணியோடு சேர்த்து வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்தால், நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு வாங்கும் மஞ்சள் பூசணியைவிடக் கெட்டியாகவும் மணமாகவும் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மேசையில் உள்ள காய்கறிகளில் பலவும் இக்கண்டத்தின் பூர்வகுடிகள் வளர்த்து எடுத்தவை. இந்தப் பண்டிகையின் தொடக்கமாகச் சொல்லப்படும், 1621இல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தைப் பற்றி, அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம், வேட்டையாடிய பறவைகளையும் அப்பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களையும் சொல்கிறதே தவிர, உடன் பரிமாறிய காய்கறி எதையும் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களை வாழவைத்த மக்காச்சோளம் அந்த மக்கள் கற்றுக்கொடுத்த பயிர். இப்பகுதிப் பூர்வகுடிகள் சோளத்தையும் பீன்ஸையும் பூசணியையும் ஒரே மண்மேட்டில் நட்டார்கள்: சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், பீன்ஸின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும், பூசணியின் அகன்ற இலை ஈரம் காயாமல் காக்கும். அந்த மக்களின் வழிவந்தோர் 1970 முதல் இதே வியாழக்கிழமையன்று பிளிமத்தின் கோல்ஸ் ஹில் குன்றில், குடியேற்றத்தால் தாங்கள் இழந்தவற்றை நினைத்துத் துக்கநாளாகக் கூடுகிறார்கள் என்பதை இந்தப் பண்டிகையைக் கொண்டாடும் எவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். திருநெல்வேலி அடுக்களையின் பச்சைமிளகாயும், பீன்ஸும், உருளைக்கிழங்கும், வள்ளிக்கிழங்கும், மஞ்சள் பூசணியும்கூட அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவையே. ஆகவே அந்த நன்றியில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு.

இனி, சொதி. மறு ஆண்டு அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது, ஒரு தொடுகறி செய்து எடுத்துவர முடியுமா என்று கேட்டார்கள். கிரேவி இல்லாத வெள்ளை உருளைக்கிழங்கு உடனே நினைவுக்கு வந்தது. அதன் மேல் ஊற்ற ஏற்றது சொதியைத் தவிர வேறு எது? ஓவன் எத்தனை நெருக்கடியில் இருந்தாலும், வான்கோழி வேகும் நேரம் முழுவதும் அதன் தலைக்கு மேலே அடுப்பின் பர்னர்கள் சும்மாதான் இருக்கின்றன. நம் சமையலுக்கு வேண்டியது அதில் ஒன்று மட்டும்தான். தேங்காயை உடைத்துத் துருவி மூன்று பால் எடுத்தேன். மூன்றாம் பாலில் கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் வெந்தன. இந்தியக் கடையின் உறைபெட்டியிலிருந்து வந்த முருங்கைக்காயும் கூடவே வெந்தது. குழைய வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றி, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துச் சாறு பிழிந்து விட்டு, கெட்டியான முதல் பாலை ஊற்றியதும் நுரை கூடுவதற்குள் இறக்கினேன். மேலே நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும்.

அந்த வீட்டுப் பாட்டி மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். தன் அம்மாவின் சமையல் குறிப்பில் ஒரு சொட்டு மாற்றுவதற்கும் யாரையும் அனுமதிக்காதவர். கடுகு வெடித்தபோது அருகே வந்து நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு தன் உருளைக்கிழங்கில் ஒரு பாதிக்குக் கிரேவியையும் மறு பாதிக்குச் சொதியையும் ஊற்றிக்கொண்டார். முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று நான் காட்டிக்கொடுத்தபோது மேசை முழுவதும் ஒரே சிரிப்பு. சிறுவர்கள் யார் சக்கையை அதிகம் சேர்க்கிறார்கள் என்று போட்டி வைத்தார்கள். அந்த மகிழ்ச்சியோடு ஒப்பிடத்தக்கது எனக்கு இங்கே அதிகம் வாய்க்கவில்லை.

கிரான்பெர்ரியும் அவ்வாறே எங்கள் வசமாயிற்று. கேப் காடில் டென்னிஸ் என்ற ஊரில் ஹென்றி ஹால் 1816இல் பயிரிடத் தொடங்கிய கனி அது. உள்ளே காற்றறைகள் இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். அறுவடையின்போது வயலுக்கு நீர் பாய்ச்சி, செடியிலிருந்து உதிர்த்து, மிதக்கும் கனிகளை வளைத்து ஒதுக்குவதை நேரில் பார்த்திருக்கிறேன்; வயல் முழுவதும் குங்குமம் கரைத்தாற்போல் இருந்தது. அதை நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய்த்தூளும் வெந்தயமும் பெருங்காயமும் சேர்த்துத் தொக்கு கிளறுவதை இங்குள்ள தமிழ் வீடுகளில் கேட்க வேண்டியதே இல்லை. நவம்பர் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவோடு பேசுவது வழக்கம். அங்கே மாலை ஆறரை. “ஏட்டி, எலுமிச்சம்பழத்த எறக்கி வச்ச பொறவுதான பிழியணும், ஞாபகம் இருக்கா?” என்பதுதான் ஆண்டுதோறும் முதல் கேள்வி. அடுத்த கேள்வி, “சிறுகிழங்கு அங்க கெடைக்காதோ?” கிடைக்காது. தை பிறப்பதற்கு முன்பே சந்தைக்கு வரும் அந்தக் கிழங்கைச் சாக்கில் கட்டிப் புறவாசல் கல்லில் அடித்துத் தோல் உரிப்பதும், விரல் நுனியெல்லாம் கறுத்துப்போவதும், அந்தக் கறுப்பு பொங்கல் கழிந்தும் போகாமலிருப்பதும் எனக்கு மட்டுமே தெரிந்தவையாக இந்த ஊரில் இருக்கின்றன. எத்தனை வகைக் கிழங்குகளை இங்கே அடுக்கிவைத்தாலும் அந்த மண்வாசனையை எதிலும் நான் காணவில்லை.

இப்போது பூசணிக் கூட்டும், சொதியும், தொக்கும் என் பொறுப்பு. ஸ்டஃபிங்கில் ஒரு தட்டு காய்கறிச்சாற்றில் தனியாக வேகிறது. எல்லாவற்றையும் புதன்கிழமை இரவே முடித்துவிடலாமே என்று பாட்டி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். தொக்குக்கு அது சரி. இரண்டு நாள் ஊறினால் அதற்கு ருசி கூடும். காய்களையும் நறுக்கி வைத்துவிடலாம். தேங்காய்ப்பால் மட்டும் வியாழக்கிழமைதான் பிழியப்படும். அதற்காகப் பின்வரிசை பர்னர் ஒன்றைப் பதினொரு மணியிலிருந்து எனக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்று இந்த ஆண்டுக்கும் சொல்லிவிட்டேன்.