திரும்பி வருகிற வழி

பிப்ரவரி 18, 2025, செவ்வாய். லுவாங் பிரபாங், லாவோஸ்

இன்றோடு 136 நாள். காலையில் டிக்கெட் போட்டுவிட்டேன். மார்ச் 3, பினாங்கிலிருந்து சென்னை.

அக்டோபர் 6 அன்று ஹனோயில் இறங்கியபோது முதுகுப்பை 11 கிலோ இருந்தது. நேற்று விடுதிக்கார அம்மாவின் அரிசித் தராசில் வைத்துப் பார்த்தால் ஏழரை. வழியெல்லாம் கொடுத்தும் விட்டும் வந்ததில் மிஞ்சியது இரண்டு சட்டை, ஒரு கைலி, மழைக்கோட்டு, மருந்துப் பை, செருப்பு. அந்தச் செருப்பு ஹுவேயில் அறுந்தது. நடைபாதையில் தைக்க உட்கார்ந்திருந்த ஓர் அம்மா வாரை இழுத்துப் பிடித்து நைலான் நூலில் எட்டுத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கொடுத்த காசில் பாதியை என் கையிலேயே திருப்பி வைத்து மூடினார். அதற்கப்புறம் மூன்று நாடு நடந்தாகிவிட்டது, தையல் விடவில்லை.

மதியம் முழுக்க மேகாங் கரையில் உட்கார்ந்திருந்தேன். மலைகளில் காடு எரிக்கத் தொடங்கிவிட்டார்கள், எதிர்க்கரை புகையில் மங்கிக் கிடந்தது. இத்தனை நாளும் மனதில் ஓடியது 'அடுத்து எங்கே' என்பதுதான். டிக்கெட் போட்டதிலிருந்து 'இன்னும் எத்தனை நாள்' என்று ஆகிவிட்டது. அழுகை வந்தது. ஏன் என்று தெரியாமல் இல்லை. இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "சரிம்மா, பத்திரமா வா" என்றார். வைக்கப் போகிற நேரத்தில், "காஞ்சனபுரிக்குப் போவேன்னியே, போறியா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு. காஞ்சனபுரி, தாய்லாந்து

ரயிலில் வியன்டியான், அங்கிருந்து ராத்திரி ரயிலில் பாங்காக், அப்புறம் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து மூன்றாம் வகுப்பில் இங்கே. வெளிநாட்டவருக்கு 100 பாட். ஜன்னலெல்லாம் திறந்தே இருக்கும், வயல் காற்றோடு வந்து சேர்ந்தேன்.

அப்பாயியின் அண்ணன் 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனவர். வயது 17. கீழ்வேளூரிலிருந்து அப்பாயியின் அப்பா மாட்டு வண்டியில் கொண்டுபோய் விட்டாராம். அப்பாயிக்கு அப்போது ஏழு வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதாக, அதாவது பாலுக்காக மரத்தைக் கீறுவதாக, இரண்டு கடிதம் வந்தது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "அவன் சயாமுக்கு ரயில் போடப் போனான்" என்று சொன்னார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் ராணுவம் இங்கிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டது.

அமாவாசைக்குத் தாத்தா மற்றவர்கள் பெயரையெல்லாம் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடும்போது இந்தப் பெயர் வராது. வர அப்பாயி விடமாட்டாள். "திரும்பி வர்றவனுக்கு எள்ளுந்தண்ணி இறைப்பாங்களாடா?" என்று அப்பாவிடம் கோபமாகக் கேட்பாளாம். 88 வயதில் போய்ச் சேரும் வரைக்கும் அதே பேச்சு.

இன்று ஸ்டேஷன் பக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஏறக்குறைய 7,000 பேர், அந்தப் பாதை போடக் கொண்டுவரப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள், ஒவ்வொன்றின் மேலும் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. சிலவற்றில் அடியில் வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி. ஒரு தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கல்லைச் சுற்றி வளர்ந்த புல்லைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார். தகட்டில் ஒட்டிய புல்லைப் புறங்கையால் தட்டிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தார்.

அவர்களுக்குக் கிடைத்த மரியாதை எனக்கு உறுத்தவில்லை. 22, 24 வயதுப் பையன்கள். ஆனால் தகடு தகடாகத் தேதியைப் படித்துக்கொண்டே போனபோது, அப்பாயிக்கு இல்லாமல் போனது இதுதான் என்று புரிந்தது. ஒரு தேதி.

பிப்ரவரி 24, திங்கள். காஞ்சனபுரி

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 கடைசியில் மும்முரமாகத் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஜப்பான்காரர்கள் வந்ததும் ரப்பர் வியாபாரம் நின்று தோட்டங்களில் பசி வந்துவிட்டது. சில மாத வேலை, கூலி, சாப்பாடு என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் முகாம்களைக் காலி செய்தன. கைதிகளிடம் படை ஒழுங்கு இருந்தது, கூடவே அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், யார் எப்போது இறந்தான் என்று எழுதிவைக்க ஆள் இருந்தது. நம் ஆட்களுக்கு இதில் எதுவும் கிடையாது.

இன்று அந்தப் பாதையில் 'நாம் தோக்' என்ற ஸ்டேஷன் வரை போகிற ரயிலில் ஏறினேன். தாம் கிராசே வளைவில் மலைச்சரிவை ஒட்டிய மரப்பாலத்தின் மேல் ரயில் ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது. கீழே ஆறு. எல்லாரும் ஜன்னலில் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. கட்டைகள் முனகுகிற சத்தம் காலுக்கடியில் கேட்டது. அப்பாயியின் அண்ணன் கை பட்ட இடம் இதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பாதையில் எங்கேயோ. பாலம் முடியும் வரை அவர் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன். தெற்கே போகிற ரயில்

பாங்காக்கில் மாலை ஏறியது. எல்லையில் பாடாங் பெசாருக்குக் காலையில் போய்ச் சேரும். நாகோன் பாதோம் தாண்டியதும் ஜன்னலை விட்டு நான் நகரவில்லை. நோங் பிளாடுக், பான் போங். மலாயாவிலிருந்து சரக்கு வேகன்களில் அடைத்து நாட்கணக்கில் கொண்டுவந்தவர்களை இந்தப் பக்கத்தில்தான் இறக்கினார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பிளாட்பாரம், ஒரு நாய், பெஞ்சில் ஒரு பெண். அப்பாயியின் அண்ணன் வடக்கே வந்த தண்டவாளத்தில் நான் தெற்கே போகிறேன்.

வழியெல்லாம் எத்தனையோ பேர், "எப்போ ஊருக்குத் திரும்புவ?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது, பேச்சை மாற்றுவேன். லுவாங் பிரபாங்கில் அதற்காகத்தான் அழுதேன். இன்று யாராவது கேட்டால் தேதியோடு சொல்லியிருப்பேன்.

மார்ச் 1, சனி. பினாங்கு, மலேசியா

பாடாங் பெசாரில் இரண்டு நாட்டு முத்திரையும் ஒரே ஸ்டேஷனில். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிட்டு பட்டர்வொர்த் ரயில் பிடித்தேன். அப்புறம் பெர்ரி.

காலையில் ராணி தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். "பசியாறியாச்சா, தங்கச்சி?" என்று கேட்டார் கடைக்காரர். ஐந்து மாதத்துக்கு அப்புறம் ஒரு கடையில் தமிழில் கேட்ட முதல் வார்த்தை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இட்லி வந்தது. ஊர் எது என்று கேட்டார், நாகப்பட்டினம் பக்கம் என்றதும் அங்கிருந்து கப்பல் வந்த கதையைத் தொடங்கினார். இறங்கினவர்களை ஜெரஜாக் தீவில் தனியாக வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு விடுவார்களாம்.

நான் சயாம் என்றேன். கையில் இருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க தாத்தாவும் போனவருதான், தங்கச்சி. அவரு வந்துட்டாரு. ஆனா சாவுற வரைக்கும் அதைப் பத்தி வாயே திறக்கல. சோறு மட்டும் ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டாரு."

காசு வாங்க மாட்டேன் என்றார். கெஞ்சியும் வாங்கவில்லை.

மார்ச் 3, திங்கள். பினாங்கு விமான நிலையம்

பை 7.2 கிலோ. செருப்பு காலில்.

மார்ச் 6, வியாழன். கீழ்வேளூர்

அம்மா வைத்த மீன் குழம்பு, இரண்டு நாள் தூக்கம். எழுந்தால் இது எந்த ஊர் விடுதி என்று ஒரு நிமிடம் குழம்புகிறது.

இன்று சாயங்காலம் திண்ணையில் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கல்லறைத் தோட்டம், வெண்கலத் தகடு, கத்தரியோடு உட்கார்ந்திருந்தவர், மரப்பாலம், கடைக்காரரின் தாத்தா. ஒரு காகிதத்தில் பாதையை வரைந்து காட்டினேன். நாகப்பட்டினத்திலிருந்து கடலில் ஒரு கோடு, பினாங்கிலிருந்து வடக்கே ஒரு கோடு. அப்பா கோட்டின் முனையில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

"ஆடி அமாவாசைக்கு அவர் பேரையும் சொல்லிடலாமா?" என்றார்.

"அப்பாயி?"

"நீ போய்ப் பார்த்துட்டு வந்துட்டேல்ல. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வழக்கமாக வேதாரண்யம் போவோம். இந்த வருஷம் நாகப்பட்டினத்துக்கே போகலாம் என்றார் அப்பா. கப்பல் ஏறின இடம் அதுதானே என்றார்.

ஜூலை 24, வியாழக்கிழமை. காலண்டரில் குறித்துவைத்துவிட்டேன்.