செப்டம்பரில் தேர்ந்தெடுத்த ரோஜாக்கள்: ஒரு தோட்ட நாட்குறிப்பு

16 செப்டம்பர் 2023, சனி

ஆல்பிரைட்டன் போய் வந்தோம். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரிலிருந்து அதிக தூரமில்லை. ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் தொடங்கிய ரோஜாப் பண்ணையும் அதை ஒட்டிய காட்சித் தோட்டமும் அங்கேதான் இருக்கின்றன. ஜூன் மாதம் போனால் நடக்க இடமிருக்காது. இன்று பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. எனக்கு வேண்டியதும் இந்தச் செப்டம்பர்தான்.

ஜூனில் எந்த ரோஜாவும் அழகுதான். நோஞ்சான் செடிகூட முதல் பூப்பில் ஆளை மயக்கிவிடும். கோடை முழுவதும் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்ட பிறகு எந்தச் செடி அடிவரை இலையோடு நிற்கிறது, எது முழங்கால் உயரம் வரை மொட்டையாகிவிட்டது என்பது இப்போதுதான் தெரியும். ஆகவே பூவைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு செடியிலும் குனிந்து அடி இலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இலையில் கரும்புள்ளி விழுந்து உதிரவைக்கும் பூஞ்சை நோயான கரும்புள்ளி பெரும்பாலும் அடியிலிருந்துதான் மேலே ஏறும்.

‘ஒலிவியா ரோஸ் ஆஸ்டின்’ செடியின் முன் நெடுநேரம் நின்றேன். 2014இல் வந்த வகை இது. இளஞ்சிவப்புப் பூ. அடி இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். புள்ளி இல்லை, துரு இல்லை, வெண்பூச்சு இல்லை. ‘லேடி ஆஃப் ஷாலட்’ கொஞ்சம் தள்ளி, ஆரஞ்சு நிறத்தில், வயதுக்கு மீறிய உயரத்தில் வளர்ந்து நின்றது. அதன் இலையும் சுத்தம். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

ஆஸ்டின் உருவாக்கிய இந்த ஆங்கில ரோஜாக்களின் கதையே ஆசையில் பிறந்ததுதான். பழைய காலிக்கா, டமாஸ்க் ரோஜாக்களின் நிறைந்த இதழடுக்கும் மணமும் வேண்டும். ஆனால் புதிய ரோஜாக்களைப் போல ஆண்டில் பல முறை பூக்கவும் வேண்டும் என்று விவசாயி மகனான ஆஸ்டின் ஆசைப்பட்டார். 1961இல் அவர் வெளியிட்ட முதல் வகை ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ ஆண்டுக்கு ஒரு முறைதான் பூத்தது. 1983இல் ‘கிரஹாம் தாமஸ்’, ‘மேரி ரோஸ்’ இரண்டும் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நடுவே இருபத்திரண்டு ஆண்டுகள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. 2018இல் அவர் காலமானார்.

25 நவம்பர் 2023, சனி

செடிகள் வந்துவிட்டன. தொட்டி இல்லை, மண் இல்லை. வெறும் வேரும் மூன்று நான்கு தடித்த குச்சிகளும். முதன்முறை பார்ப்பவர்கள் ஏமாந்துவிட்டோமோ என்றுதான் நினைப்பார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை செடி உறக்கத்தில் இருக்கும்போது இப்படி அனுப்புவதுதான் இங்கே வழக்கம். விலையும் குறைவு, மண்ணைப் பிடித்துக்கொள்வதும் நன்றாக இருக்கும்.

வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். எங்கள் தோட்டம் களிமண். குழி வெட்டினால் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மட்கிய தொழு உரத்தைக் கலந்து மண்ணைப் பொலபொலப்பாக்கினேன். ஒட்டுக் கட்டிய இடம் மண்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே போகும்படி நட்டேன். காற்றில் செடி ஆடாது, ஒட்டுக்கு வேராக இருக்கும் வேர்ச்செடியிலிருந்து காட்டுத் தளிர் கிளம்புவதும் குறையும்.

இடத்தைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். முன்பு ரோஜா இருந்த குழியில் புது ரோஜாவை அப்படியே நடக்கூடாது. பழைய மண்ணில் புது வேர் ஏனோ சோர்ந்துபோகும். வேறு இடம் இல்லையென்றால் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை மாற்றிவிட்டுத்தான் நட வேண்டும். நான் வேலியோரத்தில் புது இடமாகவே பார்த்துக்கொண்டேன். காலை வெயில் விழும் இடம். இலையில் தங்கிய இரவு ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

10 பிப்ரவரி 2024, சனி

கவாத்து நாள். விரல் உறையும் குளிர் இல்லாமல் வழக்கத்துக்கு மாறான இளஞ்சூடு. மொட்டுகள் இப்போதே சிவந்து வீங்கியிருக்கின்றன.

புதர் ரோஜாக்களைக் கவாத்து செய்ய யாரும் பயப்பட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைத்துவிட்டு, காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை எடுத்துவிட்டால் போதும். நடுவில் காற்று ஓட வேண்டும்.

கொடி ரோஜாதான் நிதானம் கேட்கும் வேலை. மேற்குச் சுவரில் ‘தி ஜெனரஸ் கார்டனர்’ ஏறிக்கொண்டிருக்கிறது. நீண்ட வளார்களை மேல் நோக்கி விட்டால் உச்சியில் மட்டும் பூத்துவிட்டு, கண் மட்டத்தில் வெறும் முள்ளைக் காட்டிக்கொண்டு நிற்கும். நுனிமொட்டு சுரக்கும் ஹார்மோன் கீழேயுள்ள மொட்டுகளை அடக்கி வைப்பதுதான் காரணம். வளாரைப் பக்கவாட்டில் வளைத்துப் படுக்கவைத்தால் அந்த அடக்குமுறை தளர்ந்து, ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு பூக்கிளை எழும்பும். சுவரில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கம்பி இழுத்திருக்கிறேன். வளாரைக் கம்பிக்குப் பின்னால் நுழைக்காமல், முன்னால் வைத்துத் தளர்வாகக் கட்டினேன். பின்னால் நுழைத்தால் தடித்த பிறகு எடுக்கவே முடியாது. சென்ற ஆண்டு பூத்த பக்கக் கிளைகளை மூன்று அங்குலம் விட்டு வெட்டினேன்.

29 மார்ச் 2024, புனித வெள்ளி

உரமும், மண்ணை மூடும் மூடாக்கும் போட்டாயிற்று. மூடாக்குக்கு முன் தரையில் ஒட்டிக் கிடந்த பழைய இலைகளைக் கையால் பொறுக்கினேன். கரும்புள்ளிப் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது அந்த இலைகளிலும், சென்ற ஆண்டுக் குச்சிகளின் வடுக்களிலும்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “என் அப்பா இதெல்லாம் செய்ததே இல்லை. அவர் ரோஜாவில் ஒரு புள்ளி வந்து நான் பார்த்ததில்லை” என்றார். அவர் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். இந்தப் பகுதிக்குக் கரும் நாடு (பிளாக் கன்ட்ரி) என்றே பெயர். உலைகளும் நிலக்கரிப் புகையுமாக இருந்த காலத்தில் காற்றில் கலந்திருந்த கந்தக டை ஆக்சைடு மனிதர்களின் நெஞ்சை அடைத்ததோடு பூஞ்சையையும் அடக்கி வைத்திருந்தது. 1952 லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. காற்று தெளிந்தது, நகரத்து ரோஜாக்களில் கரும்புள்ளி பெருகியது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அப்பாவுக்குக் கடைசி வரை இருமல் இருந்தது” என்றார். பிறகு அவர் வீட்டு உரச்சாக்கையும் நானே தூக்கி வைத்தேன்.

12 மே 2024, ஞாயிறு

நிற்காத மழை. இந்த வசந்தத்தில் இலை காய்ந்த நாள்களை நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஏழு மணி நேரம் இலை ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி வித்து முளைத்து உள்ளே இறங்க அது போதும். அதனால்தான் நீர் ஊற்றும்போது வேரில் ஊற்ற வேண்டும், இலை மேல் தெளிக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கொழுந்துகளில் அசுவினிப் பூச்சி மொய்த்திருக்கிறது. மருந்து அடிக்கவில்லை. விரலால் வழித்துவிட்டேன். புளூ டிட் குருவி ஒன்று ‘லேடி ஆஃப் ஷாலட்’ குச்சியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மீதியைக் கொத்திக்கொண்டிருக்கிறது. பொறிவண்டுக் குஞ்சுகளும் வந்துவிட்டன. பூச்சிமருந்து அடித்திருந்தால் இவை எவையும் இங்கே இருந்திருக்காது.

15 ஜூன் 2024, சனி

முதல் பூப்பு.

‘தி ஜெனரஸ் கார்டனர்’ சுவர் நெடுகக் கட்டிய கம்பிகளில் படிப்படியாகப் பூத்திருக்கிறது. முழுதாக விரிந்த பூ அல்லியைப் போலக் கிண்ணமாகத் திறந்து, நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்களைக் காட்டுகிறது. காம்பு வலுவற்றதுபோலப் பூ தலைகவிழ்ந்து நிற்கும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. கொடி ரோஜாவில் இதுவே நிறை. கீழே நிற்கும் நம் முகத்தைப் பார்த்துத்தானே கவிழ்ந்திருக்கிறது!

பழைய ‘கெர்ட்ரூட் ஜீக்கில்’ செடியும் பூத்துவிட்டது. 1986இல் வந்த வகை. இதன் பெற்றோரில் ஒன்று ‘கோம்த் த ஷாம்போர்’ என்ற போர்ட்லண்ட் ரோஜா. அதன் வழியாக டமாஸ்க் ரத்தம் வருகிறது. காலையில் மூக்கை அருகில் கொண்டுபோனதும் திருச்சியில் பாட்டி வீட்டுக் கூடத்தில் பன்னீர்ச் செம்பைத் திறந்த மணம். இதற்காகவே இந்தச் செடியின் கொடிய முள்ளையும், நடுத்தரமான நோய் எதிர்ப்பையும் பொறுத்துக்கொள்கிறேன்.

7 ஜூலை 2024, ஞாயிறு

லெஸ்டரிலிருந்து நாத்தனார் படம் அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள். “அண்ணி, கொடி ரோஜா முழுக்க மாவு தூவினது மாதிரி இருக்கிறது. இவ்வளவு மழை பெய்தும் தண்ணீர் போதவில்லையா?”

“சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் நட்டிருக்கிறாய்?”

“ஒட்டித்தான்.”

விஷயம் அதுதான். வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் சுவரின் அடியில் ஒரு முழ அகலம் காய்ந்தே கிடக்கும். வேர் தாகத்திலும் இலை புழுக்கத்திலும் இருந்தால் சாம்பல் நோய் வந்துவிடும். ஒன்றரை அடி தள்ளி நட்டு, செடியைச் சுவர்ப் பக்கம் சாய்த்துவிட வேண்டும். இப்போதைக்கு வாரம் இரண்டு முறை வேருக்கு நிறையத் தண்ணீர், மேலே கனத்த மூடாக்கு என்று சொன்னேன். மஞ்சள் ரோஜாச் செடி ஒன்றும் கரும்புள்ளி பிடித்துக் கிடக்கிறதாம். அது அவள் குற்றமே இல்லை. அடர்மஞ்சள் நிறம் நவீன ரோஜாக்களுக்குள் வந்த வழி ரோசா ஃபெட்டிடா என்ற மேற்காசிய இனம். 1900இல் பிரான்சின் லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-டூஷே அதன் கலப்பிலிருந்து ‘சொலே டோர்’ வகையை வெளியிட்டார். வறண்ட நிலத்துச் செடிக்குக் கரும்புள்ளியோடு மோதிப் பழக்கமில்லை. நிறத்தோடு சேர்ந்து அந்தப் பலவீனமும் தலைமுறை தலைமுறையாக இறங்கிவிட்டது. இப்போதைய வளர்ப்பாளர்கள் அதைக் களைவதற்கே பாதி உழைப்பைச் செலவிடுகிறார்கள்.

24 ஆகஸ்ட் 2024, சனி

இரண்டாம் பூப்பு அடங்கிக்கொண்டிருக்கிறது. வாடிய பூக்களை ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே வெட்டினேன். ‘கெர்ட்ரூட் ஜீக்கில்’ இடுப்புவரை மொட்டை. விழுந்த இலைகளை உரக்குழியில் போடாமல் குப்பைத் தொட்டியில் போட்டேன். ‘ஒலிவியா’வில் இந்த நனைந்த ஆண்டிலும் அடி இலைகள் இருக்கின்றன, தேடித் தேடி ஒரு கிளையில் மட்டும் சில புள்ளிகளைக் கண்டேன். ‘லேடி ஆஃப் ஷாலட்’ அதற்குச் சற்றும் குறையவில்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே கை. வித்தியாசம் வகையில்தான் இருக்கிறது. மருந்துக்குச் செலவழிக்கும் பணத்தை நல்ல வகைக்குச் செலவழியுங்கள் என்று கேட்பவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார் அந்த மஞ்சள் செடியை எடுத்துவிட்டு ‘ஒலிவியா’வும், சுவருக்கு ‘தி ஜெனரஸ் கார்டனர்’ ஒன்றும் ஆர்டர் கொடுத்துவிட்டாள். நவம்பரில் வரும். அதற்குள் பழைய குழியை விட்டு விலகி, சுவரிலிருந்து ஒன்றரை அடி அளந்து, புதுக் குழி வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பி இழுக்க அடுத்த மாதம் நானே போகிறேன்.