எட்டு பாயிண்ட் ரெண்டு

நான் ஓ பாசிட்டிவ். மூணு மாசம் முடிஞ்சா போதும், வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்த உடனே சேலம் அஞ்சு ரோட்ல இருந்து வண்டிய எடுத்துட்டு போய் ரத்தம் குடுத்துட்டு வர்ற ஆளு. பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சு, சொந்த சித்திக்கு மட்டும் ஒரு சொட்டு குடுக்க முடியல.

சித்தி ஏற்காட்ல நாகலூர் பக்கம், காபி எஸ்டேட் வேலை. இருபது வருஷமா யெகோவாவின் சாட்சிகள்ல இருக்காங்க, அடுத்தவங்க ரத்தத்தை ஏத்திக்கவே கூடாதுன்னு சொல்ற கிறிஸ்தவ சபை. பொங்கலுக்கு கூப்பிட்டா வரமாட்டாங்க, மறுநாள் வந்து கரும்பு மட்டும் கடிப்பாங்க, அது வேற கதை. போன வருஷம் மேடு ஏறினா மூச்சு வாங்குதுன்னாங்க, வயசாச்சுல்லன்னு நாங்களும் விட்டுட்டோம். டெஸ்ட் எடுத்தா ரத்தத்துல ஹீமோகுளோபின் 8.2, ரொம்ப கம்மி. பெருங்குடல்ல வலது பக்கம் கட்டி. அந்தப் பக்கம் வர்ற கட்டி கண்ணுக்கே தெரியாம கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிய விடுமாம், நிறைய பேருக்கு ரத்தசோகைதான் முதல் அறிகுறியாம்.

முதல்ல பாத்த டாக்டர், ரத்தம் ஏத்த சம்மதிக்கலன்னா கத்தியே எடுக்க மாட்டேன்னுட்டாரு. உள்ளுக்குள்ள நான் அவர் பக்கம்தான். பைபிள்ல அப்போஸ்தலர் 15ல ரத்தத்துக்கு விலகி இருக்கணும்னு இருக்கு கண்ணுன்னு சித்தி சொல்றாங்க, அது சாப்பாட்ட பத்தி சொன்னது சித்தின்னு நான் சொல்றேன், இப்படியே ரெண்டு வாரம் ஓடிடுச்சு. அவங்க சபையிலயே இத கண்டிப்பா சொல்ல ஆரம்பிச்சது 1945லதான்னு தேடிப் பாத்து அதையும் சொன்னேன். ம்ஹூம்.

ரெண்டாவது ஆஸ்பத்திரியில மயக்க டாக்டரம்மாவ தனியா புடிச்சு, "மயக்கத்துல இருக்கும்போது என் ரத்தத்தை ஏத்திடுங்க மேடம், அவங்களுக்கு எங்க தெரியப்போகுது"ன்னு கேட்டே கேட்டுட்டேன். அவங்க ஃபைல திருப்பி, "கையெழுத்து அவங்க போட்டது, நீங்க போட்டது இல்ல"ன்னாங்க. மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

அப்புறம் அவங்களே சித்தி பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா கேட்டாங்க. சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எல்லாம் வேண்டாம். முன்கூட்டியே சித்தி ரத்தத்தையே எடுத்து வெச்சு திருப்பி ஏத்தறதும் வேண்டாம், உடம்ப விட்டு வெளிய வந்தது வந்ததுதான்னாங்க சித்தி. அல்புமின் மாதிரி பிளாஸ்மாவுல இருந்து பிரிச்செடுத்த புரதம் மட்டும் அவங்கவங்க மனசாட்சியாம், சித்தி கொஞ்ச நேரம் யோசிச்சு சரின்னாங்க. சிந்தற ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அப்படியே திருப்பி விடற மெஷினும் இருக்கு, சாட்சிகள்ல சிலர் ஒத்துக்குவாங்க, ஆனா கேன்சர்ல கட்டியோட செல்லும் சேந்து உள்ள போயிடுமோன்னு ஒரு பயம் இருக்கறதால அத நம்ப வேண்டாம்னுட்டாங்க.

அப்போ ஒரே வழி, சித்தி உடம்புலயே ரத்தத்தை ஊற வைக்கறது, இருக்கறத சிந்தாம பாத்துக்கறது. ஒரு மாசமா முழுங்கின இரும்பு மாத்திரை ஏன் வேலை செய்யலன்னு பாத்தா, சித்தி அத காபியோட போட்டிருக்காங்க! காபி, டீ எல்லாம் இரும்பு உடம்புல சரியா சேர விடாதாம். எஸ்டேட்காரங்ககிட்ட போய் காபிய விடுன்னா எப்படி. கடைசியில நரம்பு வழியா இரும்பு ஏத்தி, பி12, ஃபோலிக் ஆசிட், சிவப்பணு ஊற வைக்கற எரித்ரோபாய்டின் ஊசி கொஞ்சம், அது ரத்தக்கட்டு வர வைக்கலாம், கேன்சர்காரங்களுக்கு யோசிச்சுதான் போடணும்னு கணக்கா போட்டாங்க. அஞ்சு வாரம். உள்ள கட்டி வளருதேன்னு ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு, சித்தி நல்லா தூங்கினாங்க. டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கறதுகூட குழந்தைங்களுக்கு எடுக்கற குட்டி ட்யூப்லதான்.

11.4 வந்ததும் சின்ன ஓட்டை போட்டு செய்யற லேப்ராஸ்கோப்பில ஆபரேஷன், உறைஞ்ச ரத்தம் கரையாம இருக்க ட்ரானெக்ஸாமிக் ஆசிட். மூணரை மணி நேரம். மறுநாள் 10.1.

நடுவுல ஏதாவது கிழிஞ்சு அஞ்சுக்கு இறங்கியிருந்தா? விட்டிருப்பாங்க, சித்தி போயிருப்பாங்க. அத என்னால இன்னும் ஒத்துக்க முடியல. ஆனா பக்கத்து பெட் அக்காவுக்கும் எட்டுதான், அவங்க வேற டாக்டர் கேஸ், அவங்ககிட்ட இரும்பு பத்தி யாரும் பேசல, ரெண்டு டோனர் கூட்டிட்டு வாங்கன்னு மட்டும் சொன்னாங்க. சித்திக்கு செஞ்சத எல்லாருக்கும் முதல்லயே செஞ்சா என்ன?

அந்த அக்காவுக்கு நான்தான் போய் குடுத்தேன். கையில பஞ்சோட வார்டுக்கு வந்தா சித்தி என் கையையே பாத்தாங்க, ஒண்ணும் கேக்கல, அவங்களுக்கு வாங்கி வெச்சிருந்த இளநீய எடுத்து என் பக்கம் நீட்டினாங்க.