கூட்டல் கழித்தல் 64 ஆயிரம்

ஒளிர்வு முறையில் மண்ணுக்கு வயது பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஆதி மனிதர்களின் கற்கருவிகள் கிடைத்த அகழாய்வுக் குழிகளிலிருந்து எங்களுக்கு மண் வரும், கருவி வராது. இதைச் சொன்னால் நிறைய பேர் நம்புவதில்லை. "இத்தனை லட்சம் ஆண்டு பழமையான கைக்கோடரி" என்று செய்தியில் படித்தவர்கள், அந்தக் கல்லையே மெஷினுக்குள் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல் உருவாகிப் பல கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். நமக்கு வேண்டியது அதை ஒருவர் கையில் எடுத்துச் செதுக்கிய காலம், அது கல்லில் எழுதியிருக்காது. அதனால் அந்தக் கருவியை மூடிய மண் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கேட்கிறோம்.

மணலில் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்களின் துகள்கள், சுற்றியுள்ள மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியத்திலிருந்து வரும் கதிர்வீச்சை ஓயாமல் வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் இடம்பெயரும் எலெக்ட்ரான்களில் சில படிகத்தின் குறைகளில் மாட்டிக்கொள்ளும். உண்டியலில் காசு விழுவது மாதிரி, ஆண்டுக்கு இவ்வளவு என்று சேர்ந்துகொண்டே போகும், வெயில் பட்டால் மொத்தமும் காலி. புதைந்த நாளிலிருந்து மறுபடி சேரும். ஆய்வகத்தில் நாங்கள் ஒளியைப் பாய்ச்சி அதைக் காலி செய்யும்போது துகள் மங்கலாக ஒளிரும், அந்த ஒளியை வைத்து எவ்வளவு சேர்ந்திருந்தது என்று அளக்கிறோம். சேர்ந்த அளவை ஆண்டு அளவால் வகுத்தால் வயது. 1985-ல் இயற்பியலாளர் ஹன்ட்லியும் அவருடைய சகாக்களும் இந்த வழியைக் காட்டினார்கள். கணக்கு என்று பார்த்தால் ஒரே ஒரு வகுத்தல்தான், வேலை முழுக்க அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரு முனையையும் மூடி, வெளிச்சம் படாமல் கொண்டுவருவார்கள். சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் அதைத் திறப்போம். (சிவப்பு மையில் லேபிள் எழுதி அனுப்பினால் அந்த வெளிச்சத்தில் எழுத்தே தெரியாது, காகிதம் வெறுமையாக இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருகிறேன்.) குழாயின் இரு முனையிலும் உள்ள மண்ணில் வெளிச்சம் பட்டிருக்கும், அதைச் சுரண்டித் தனியே வைத்துக் கதிர்வீச்சு அளவுக்குப் பயன்படுத்துவோம். நடுவில் இருப்பதுதான் வயதுக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சுண்ணாம்பு நுரைத்துப் போகும், பெராக்சைடு ஊற்றினால் மக்கிய வேர், இலை எல்லாம் போகும். அப்புறம் சல்லடை, அடர்த்தியான திரவத்தில் பிரிப்பு, குவார்ட்ஸ் என்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். ஒரு குழாய் மண்ணிலிருந்து கடைசியில் மிஞ்சுவது ஒரு சிட்டிகை சுத்தமான துகள்.

இத்தனை கவனமாகச் செய்த பிறகும் என்னை அதிகம் யோசிக்க வைப்பது தண்ணீர். மண்ணில் ஈரம் இருந்தால் அது கதிர்வீச்சில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும், துகளுக்குக் கிடைப்பது குறையும். ஈரத்தை 1 சதவீதம் கூட்டிப் போட்டால் வயதும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் அதே களிமண் கார்த்திகையில் சொதசொதவென்று இருக்கிறது. இந்த இரண்டு மாதங்களிலும் அளந்தால் இரண்டு வெவ்வேறு எண் வரும். இதில் மூன்று லட்சம் ஆண்டுகளின் சராசரி ஈரம் என்ன? யாரும் போய் அளந்து வரவில்லை. மண்ணின் தன்மை, பழைய மழைக்காலங்கள், நிலத்தடி நீர் எல்லாவற்றையும் பார்த்து ஒரு எண்ணையும் அதற்குத் தாராளமான ஒரு ± அளவையும் (எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பது) வைக்கிறோம். இப்படி ஒவ்வொரு இடத்திலும் சேருவதுதான் கடைசியில் வயதுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் கூட்டல் கழித்தல்.

சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலையாற்றுப் பக்கம் இருக்கும் அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்திலேயே தெரியவந்த இடம். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, 2018-ல் வெளியிட்ட ஒளிர்வு முடிவின்படி, இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் (பெரிய கைக்கோடரிகளை விட்டுச் சிறிய செதில் கருவிகளுக்கு மாறிய கட்டம்) அங்கே தொடங்கியது 3,85,000 ± 64,000 ஆண்டுகளுக்கு முன். இவ்வளவு பழைய மண்ணில் குவார்ட்ஸ் உண்டியல் எப்போதோ நிரம்பியிருக்கும், அதனால் ஃபெல்ட்ஸ்பாரை வைத்துப் பார்த்தார்கள். அதே இடத்தின் அடி அடுக்குகளுக்கு அதுவும் போதாது. 2011-ல் வெளியான ஆய்வில் கருவிகளின் கல்லிலேயே அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டின் விகிதத்தை அளந்தார்கள். தரைமேல் கிடக்கும்போது விண்கதிர்களால் கல்லில் உருவாகும் இந்த ஐசோடோப்புகள், புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் குறையும். கிடைத்த சராசரி 15.1 லட்சம் ஆண்டு, ± 70 ஆயிரம். தனியாக, மண்ணில் பதிந்திருந்த பூமியின் காந்தத் திசையையும் (அது அவ்வப்போது தலைகீழாக மாறியிருக்கிறது) பார்த்தார்கள், அது 10.7 லட்சத்துக்குக் குறையாது என்றது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இயற்பியல் ஒரே பக்கம் கை காட்டுகிறது என்பதுதான் எனக்கு அந்தப் பெரிய எண்ணைவிட முக்கியம்.

வெளிநாட்டில் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூட் குகை. அங்கே கிடைத்த எலும்புகளுக்கு முன்பு ஏறக்குறைய 1,60,000 ஆண்டு என்றார்கள். தீயில் சுட்டுப்போன தீக்கல் கருவிகளை வைத்து (சூடும் வெயில் மாதிரியே எல்லாவற்றையும் காலி செய்துவிடும்) 2017-ல் வந்த வயது 3,15,000 ± 34,000. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளில் ஒன்றின் வயது இப்படி ஏறக்குறைய இரட்டிப்பானது. முறை மேம்படும்போது வயது மாறத்தான் செய்யும்.

இதனால்தான் ± போய்விடும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒருமுறை ஒரு அகழாய்வுக்காரர் போனில், "தம்பி, நடு நம்பர் மட்டும் கொடுங்க, போஸ்டர்ல பெருசா போடணும்" என்றார். "சார், அது மட்டும் போட்டா அது எங்க ரிசல்ட்டே இல்ல" என்றேன். 3,85,000 என்று மட்டும் எழுதினால் அத்திரம்பாக்கத்தில் யாரோ அந்த ஆண்டில் உட்கார்ந்து கல் செதுக்கியது மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையில் தெரிந்தது 3,21,000-க்கும் 4,49,000-க்கும் இடையில் எங்கோ, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்போடு. அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் எந்த இனம் என்பதும் தெரியாது, அங்கே மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ±-ஐ விட்டுவிட்டால் நன்றாக ஒலிக்கும்தான், ஆனால் நாளைக்கு வேறொரு முறையில் 3,40,000 என்று வந்தால் "விஞ்ஞானிகள் மாற்றிப் பேசுகிறார்கள்" என்பார்கள். ±-ஐ வைத்துப் படித்தவருக்கு இரண்டும் ஒத்துப்போவது புரியும்.

இப்போதெல்லாம் அறிக்கை அனுப்பும்போது வயதையும் அதன் ±-ஐயும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் போடுகிறேன். முன்பு இரண்டு பத்தி இருந்தது, ஒன்றை மட்டும் காப்பி செய்துகொண்டு போய்விடுவார்கள். எந்த ஈர அளவை வைத்துக் கணக்கிட்டோம் என்பதையும் கீழே எழுதிவிடுகிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் எண்ணைப் போட்டு மறுபடி வகுத்துப் பார்க்கலாம்.