மூன்று ஏக்கருக்கு ஒரு புள்ளி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடம் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தேன். குலை எடை, உதிரிக் கணக்கு, சம்பள நாள் இவையே என் உலகம். வாணிப ஒப்பந்தமெல்லாம் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் பேசுகிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்து நட்ட செம்பனையின் எண்ணெய் அங்கே போக முடியாது. நிலம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். நான்கு ஹெக்டருக்குள் என்றால் ஒரு புள்ளி போதும். அதோடு, அந்த நாட்டின் நிலச் சட்டப்படி எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

ஆலைக்குக் குலை போடும் பெரியவர் ஒருவர் வந்தார். மூன்று ஏக்கர்தான். "தம்பி, இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பாருங்க" என்றார். கைபேசியில் புள்ளி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், இன்னும் காலமான அப்பாவின் பெயரில் இருந்தது. நாற்பது வருடமாக உழைப்பவர் இவர். காகிதத்தில் இவர் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஒப்பந்தமும் வாணிபமும் கூட்டரசின் பொறுப்பு. நிலமும் காடும் மாநிலத்தின் பொறுப்பு. பெரியவரின் கிராண்டைச் சரிசெய்ய வேண்டியது பேராக். ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகமான பிரசல்ஸோடு பேசுவது புத்ராஜெயா.

வேறு இடங்களில் மாநிலங்கள் சும்மா இருப்பதில்லை. கனடா ஐரோப்பிய ஒன்றியத்தோடு வாணிப ஒப்பந்தம் பேசியபோது அதன் மாகாணங்களும் மேசையில் உட்கார்ந்தன. மாகாண அரசுகளின் கொள்முதலும் பேச்சில் இருந்ததால் ஐரோப்பாவே அதைக் கேட்டது. அதே ஒப்பந்தத்தை 2016 அக்டோபரில் பெல்ஜியத்தின் வாலோனியா வட்டாரம் தடுத்து நிறுத்தியது. தங்கள் விவசாயிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார் அதன் தலைவர் பால் மக்னெட். விளக்க ஆவணம் சேர்த்த பிறகே, 30-ஆம் தேதி கையெழுத்தானது.

அப்படித் தடுக்கும் அதிகாரம் நமக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்துக்காக மாநில விவகாரத்தில் சட்டம் போடுமுன் அந்த மாநிலத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 76-ஆவது பிரிவு ஏற்கனவே சொல்கிறது. எனக்கு அது போதாது. பேச்சு தொடங்கும்போதே கேட்க வேண்டும். 2012-இல் நின்றுபோன மலேசியா - ஐரோப்பிய ஒன்றிய வாணிப ஒப்பந்தப் பேச்சு 2025-இல் மறுபடி தொடங்கியிருக்கிறது. நேரம் இதுதான்.

போன மாதம் எங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் பக்கத்தில் பெரியவரின் கிராண்ட் விவகாரம்தான்.